சுவா ஏரிக்கு ஒரு நாள் போதுமா? அப்பா அம்மாவோடு போக வேண்டும்

கேள்வி, 2023 நவம்பர் 18, காலை

டோக்கியோவில் வேலை பார்க்கிறேன். ஜனவரி கடைசியில் ஊரிலிருந்து அப்பாவும் அம்மாவும் வருகிறார்கள். ஃபுஜி மலைப் பக்கத்து ஏரிகளில் எப்போதும் கூட்டம். நாகானோவில் சுவா ஏரிப் பக்கம் போ, வெந்நீர் ஊற்று நன்றாக இருக்கும் என்று ஆபீசில் சொன்னார்கள். காலையில் போய் ராத்திரி திரும்பிவிட முடியுமா? அம்மா சுத்த சைவம், முட்டி வலி வேறு. அப்பா எதையும் சாப்பிடுவார். பொதுக்குளியலில் உடுப்பே கூடாது என்ற விஷயத்தை இருவரிடமும் இன்னும் சொல்லவில்லை.

பதில், 2023 நவம்பர் 18, மாலை

தாராளமாகப் போதும். ஷின்ஜுகுவில் காலை அஸூசா ரயிலில் ஏறினால் ஏறக்குறைய இரண்டேகால் மணி நேரத்தில் ஏரிக்கரை ஊரான காமிசுவா. ஏரியின் சுற்றளவு 16 கிலோமீட்டர்தான், அதிகபட்ச ஆழம் 7 மீட்டர். கடல் மட்டத்திலிருந்து 759 மீட்டர் உயரத்தில் இருப்பதால் குளிரும். கண்ணைப் பறிக்கும் காட்சி ஒன்றும் கிடையாது, முன்பே சொல்லிவிடுகிறேன். கரையில் ஹோட்டல்கள், நடைபாதை, மிதிபடகு. வெந்நீரில் குளியுங்கள், மதியம் சாப்பிடுங்கள். ஸ்டேஷன் பிளாட்பாரத்திலேயே கால் நனைக்கும் வெந்நீர்த் தொட்டி இருக்கிறது, ரயில் வரும்வரை அதில் காலை வைத்துக்கொண்டு உட்காரலாம். தங்குவது தண்டச் செலவு.

மூன்று முறை போயிருக்கிறேன், மூன்றும் ஒருநாள் பயணம். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

2023 நவம்பர் 18, இரவு

ரயிலைப் பற்றி ஒன்று விட்டுப்போனது. 2019 மார்ச்சிலிருந்து அஸூசாவில் முன்பதிவில்லாத பெட்டி கிடையாது. இருக்கைக்கு மேலே சின்ன விளக்கு எரியும். பச்சை என்றால் அந்த இடம் விற்றாகிவிட்டது, சிவப்பு என்றால் காலி, மஞ்சள் என்றால் சீக்கிரமே ஆள் வரப்போகிறது. பச்சை என்றால் உட்காரலாம் என்றுதானே நமக்குத் தோன்றும்? ஹாச்சியோஜி தாண்டுவதற்குள் என்னை மூன்று முறை எழுப்பினார்கள். மூன்று பேரும் என்னிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே எழுப்பியதுதான் இன்னும் கூச்சமாக இருந்தது. அப்பா அம்மாவோடு போகும்போது இருக்கை எண்ணோடு டிக்கெட் எடுத்துவிடுங்கள்.

2023 நவம்பர் 19

குளியலுக்கு வருகிறேன். முதல் தடவை போகிறவர்களுக்கு நான் சொல்வது ஏரிக்கரையில் இருக்கும் கட்டகுரா மாளிகை. 1928ல் கட்டியது, வெளியிலிருந்து பார்த்தால் ஐரோப்பாவில் எங்கேயோ இருக்கும் பழைய கட்டடம் போல இருக்கும். உள்ளே பளிங்குத் தொட்டி, வண்ணக் கண்ணாடி ஜன்னல். 'ஆயிரம் பேர் குளியல்' என்று பெயர். அவ்வளவு பேரெல்லாம் கொள்ளாது, நூறு பேர் நெருக்கிக்கொண்டு நிற்கலாம். நிற்கலாம் என்று தெரிந்துதான் சொல்கிறேன். ஆழம் 1.1 மீட்டர், தண்ணீர் நெஞ்சுவரை வரும். அடியில் கூழாங்கல் பரப்பியிருக்கிறார்கள், நடந்தால் உள்ளங்கால் கூசும். மற்ற இடங்களில் சப்பணம் போட்டு உட்காரும் குளியலுக்குப் பழகிவிட்டு இங்கே இறங்கியதும் கொஞ்ச நேரம் எனக்குக் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

பட்டு ஆலையில் வேலை பார்த்த பெண்களுக்காகக் கட்டியதாம். அசதியில் உட்கார்ந்து தூங்கிவிடக் கூடாது என்றுதான் இவ்வளவு ஆழமாம். அம்மாவின் முட்டிக்கு நின்றபடி குளிப்பது நல்லதுதான், ஆனால் இறங்கும் படியில் கைப்பிடியை விடாமல் போகச் சொல்லுங்கள்.

மாதத்தில் இரண்டாம், நான்காம் செவ்வாய் விடுமுறை.

2023 நவம்பர் 19, மதியம்

நீச்சல் உடை போட்டுக்கொள்ளலாமா என்று ஒருவர் கேட்கிறார். கூடாது. துண்டைக் கட்டிக்கொண்டு இறங்கலாமா என்று அடுத்தவர். அதுவும் கூடாது, துண்டு தண்ணீரிலேயே படக் கூடாது. மடித்துத் தலையில் வைத்துக்கொள்வார்கள். ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி இடம், அதனால் பயப்படும் அளவுக்கு ஒன்றுமில்லை. இறங்கும் முன் சின்ன முக்காலியில் உட்கார்ந்து சோப்பு போட்டு முழுதாகக் குளித்துவிட வேண்டும். தொட்டி ஊறுவதற்கு மட்டும். குற்றாலத்தில் தலையில் எண்ணெயோடு அருவியில் நின்ற பரம்பரை நாம், இதை மட்டும் மனதில் வையுங்கள்.

கூச்சம் ஐந்து நிமிடம். ஆறாவது நிமிடத்தில் யாரும் உங்களைப் பார்க்கவில்லை என்று புரிந்துவிடும், லேசாக ஏமாற்றமாகக்கூட இருக்கும்.

2023 நவம்பர் 25

சாப்பாடு. இதைத் தள்ளிப்போட்டதற்குக் காரணம், நல்ல பதில் என்னிடம் இல்லை.

நாகானோவில் சோபா நன்றாக இருக்கும், கோதுமையும் பக்வீட் என்ற தானியமும் கலந்த நூடுல்ஸ், சில கடைகளில் முழுக்க பக்வீட். பார்க்கச் சைவம். சிக்கல் அதைத் தோய்த்துச் சாப்பிடும் சாற்றில். தாஷி என்ற அடிப்படைச் சாறு இல்லாமல் இங்கே சமையல் இல்லை, அதில் பெரும்பாலும் கட்ஸுவோபுஷி இருக்கும். மீனை வேகவைத்துப் புகையூட்டிக் கட்டைபோல ஆகும்வரை காயவைத்துச் சீவிய தூள் அது. மீன் இருக்கிறதா என்று கேட்டால் இல்லை என்பார்கள். பொய் சொல்வதில்லை, அவர்கள் கணக்கில் தாஷி மீனே இல்லை. ஒரு கடையில் என் நண்பனுக்கு முழுச் சைவம் என்று உறுதி சொல்லிக் கொண்டுவந்த தட்டில் கீரையின் தலையில் அந்தச் சீவல் ஆவியில் நெளிந்துகொண்டிருந்தது. ஊறுகாயிலும் சில சமயம் சேர்க்கிறார்கள். 'மீன் சாறும் கூடாது' என்று ஜப்பானியத்தில் அட்டையில் எழுதி எடுத்துப் போங்கள், வாயால் சொல்லி நம்ப வேண்டாம்.

அம்மா சாப்பிடக்கூடியவை: ஒயாகி, அதாவது மாவுக்குள் பூரணம் வைத்துச் சுட்டது. பூசணிக்காயோ சிவப்புக் காராமணிப் பூரணமோ கேளுங்கள். கோஹெய் மோச்சி, சாதத்தை இடித்துக் குச்சியில் பிடித்து மிசோ என்ற சோயா விழுதும் வாதுமைக் கொட்டையும் தடவிச் சுடுவது, அந்தத் தடவலில் என்ன இருக்கிறது என்று விசாரித்துக்கொள்ள வேண்டும். சோபாவைச் சாறில்லாமல் உப்பு தொட்டுச் சாப்பிடலாம், சில கடைகளில் அவர்களே உப்பு தருவார்கள். நான் பருப்புப்பொடி டப்பா கொண்டுபோனேன். கடைக்காரர் மூக்கருகே வைத்துப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார். பாராட்டா என்று இன்னும் தெரியவில்லை. கடைசியில் சோபா வெந்த தண்ணீரைக் கொண்டுவந்து தருவார்கள். சோறு வடித்த கஞ்சியின் உறவு, வீணாக்காமல் குடியுங்கள்.

போகும்போது எலுமிச்சைச் சாதம் கட்டிக்கொண்டு போங்கள். அஸூசாவில் டப்பா திறந்து சாப்பிடலாம், எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள்.

2023 நவம்பர் 25, பத்து நிமிடம் கழித்து

'சிவப்புக் காராமணி' என்று எழுதிவிட்டேன். அஸுகி. காராமணியின் தூரத்து உறவு, அதே பயறு இல்லை. வாதுமைக் கொட்டை என்றதும் அக்ரூட். பசியில் எழுதினால் இப்படித்தான்.

2023 நவம்பர் 27

ஏரிக்கரையில் இன்னொரு ஊரான ஷிமோசுவாவில் ஷியோ யோகான் என்று ஓர் இனிப்பு. அஸுகி விழுது, சர்க்கரை, கடல்பாசி, உப்பு. பாலும் நெய்யும்கூட இல்லை. அந்தக் கடல்பாசி, அதாவது நாம் சைனா கிராஸ் என்று வாங்குவது, பக்கத்து ஊர் சீனோவில் தயாராகிறது. கடலோ நூறு கிலோமீட்டருக்கு அப்பால். பாசியைக் கொண்டுவந்து காய்ச்சி, கட்டியாக்கி, அறுவடை முடிந்த வயலில் வரிசையாகப் பரப்பிவிடுவார்கள். ராத்திரிக் குளிரில் உறையும், பகல் வெயிலில் உருகி நீர் வடியும். இரண்டு வாரம் இப்படியே போனால் எடையே இல்லாத வெள்ளைக் கட்டை மிஞ்சும். கடும் குளிர், மழையில்லாத வானம், பகலில் வெயில் மூன்றும் ஒரே இடத்தில் வேண்டும் என்பதால் கடல் பொருளுக்கு மலைக்காட்டில் தொழில். நம் ஊர் வடாம் போடுவதைத் தலைகீழாக நினைத்துக்கொள்ளுங்கள்.

அம்மாவுக்கு வாங்கிக் கொடுங்கள். தைரியமாகச் சொல்லக்கூடியது இது ஒன்றுதான்.

2023 டிசம்பர் 3

திருத்தம். கட்டகுரா மாளிகை ஆலைப் பெண்களுக்காகக் கட்டியது என்று எழுதியிருந்தேன், ஒருவர் கேட்டதும் தேடிப் படித்தேன். பட்டுத் தொழிலில் பெரும் பணம் பார்த்த கட்டகுரா குடும்பத்தின் இரண்டாம் தலைமுறைக்காரர் 1922, 23ல் வெளிநாடு சுற்றியபோது ஐரோப்பாவில் மக்கள் கூடிக் குளிக்கவும் பொழுதுபோக்கவும் வசதிகள் இருப்பதைப் பார்த்து, சொந்த ஊர்க்காரர்களும் அனுபவிக்கட்டும் என்று கட்டியது. ஆலைக்காரர்களுக்கு மட்டும் என்பதில்லை, ஊருக்கே பொது. வரைந்தவர் மோரியாமா மாட்ஸுனோசுகே, தைவானில் அரசுக் கட்டடங்கள் பல வடிவமைத்தவர். 2011ல் தேசிய அளவில் முக்கியக் கலாசாரச் சொத்தாக அறிவித்துவிட்டார்கள். தூங்கிவிடக் கூடாது என்ற ஆழக் கதை எனக்குக் குளியலில் ஒரு தாத்தா சொன்னது. தாத்தா சொன்னால் நம்பிவிடும் வியாதி எனக்கு உண்டு.

2023 டிசம்பர் 9

ஒரு நாள் போதும் என்று முதலில் எழுதியதைத் திரும்பப் படித்தேன். ஷிமோசுவாவைப் பற்றி நான் எதுவுமே சொல்லவில்லை. அங்கே இறங்கி நடந்தது ஒரே முறை, இரண்டு மணி நேரம்.

காமிசுவாவிலிருந்து உள்ளூர் ரயிலில் ஐந்து நிமிடம். எடோ காலத்தில் நகாசென்டோ, கோஷு கைடோ என்ற இரு நெடுஞ்சாலைகள் சேர்ந்த ஊர், நகாசென்டோவின் சத்திரங்களில் வெந்நீர் ஊற்று இருந்தது இங்கே மட்டும்தான். சுவா கோயிலின் நான்கு சன்னிதிகளில் இரண்டு ஏரிக்குத் தெற்கே மேல் கோயில், இரண்டு வடக்கே கீழ் கோயில். கீழ் கோயிலின் அக்கிமியா சன்னிதியில் கை கழுவும் இடத்தில் ஒரு டிராகன் வாயிலிருந்து வெந்நீர் ஊற்றுகிறது. டிசம்பரில் கோயில் வாசலில் கை கழுவச் சுடுதண்ணீர், இதைவிட என்ன வேண்டும்?

கதையும் உண்டு. மேல் கோயில் ஆண் தெய்வம் தாகெமினகாதா, அவர் மனைவி யசாகதோமே. சண்டை போட்டுக்கொண்டு மனைவி ஏரியைத் தாண்டிப் போகும்போது தினமும் பயன்படுத்தும் வெந்நீரைப் பஞ்சில் தோய்த்து எடுத்துப் போனாராம். வழியில் சொட்டிய இடங்களில் காமிசுவா ஊற்றுகள், பஞ்சை வைத்த இடத்தில் ஷிமோசுவா ஊற்று. கோபத்தில் பிறந்த வீட்டுக்குக் கிளம்பும்போதும் குளிக்கத் தண்ணீர் எடுத்துப் போகும் தெளிவு எனக்குப் பிடித்தது.

அங்கே தான்கா நோ யு என்று பொதுக்குளியல். விடியற்காலை ஐந்தரைக்கே திறந்துவிடுவார்கள், கட்டணம் காபி விலைக்கும் குறைவு. சூடோ 45 டிகிரிக்கு மேல். நான் கணுக்காலை வைத்து எடுத்துவிட்டு, பச்சைத்தண்ணீர்க் குழாயைத் திறந்தேன். தொட்டியில் இருந்த பெரியவர் பரவாயில்லை பரவாயில்லை என்று சிரித்தார். நான் முகத்தைத் துடைத்துவிட்டுப் பார்த்தபோது குழாய் மூடியிருந்தது. கேட்காமல் குழாயைத் தொடாதீர்கள். அப்பாவுக்கு ரத்த அழுத்தம் இருந்தால் இந்தத் தொட்டியே வேண்டாம்.

2023 டிசம்பர் 10

ஏரிக்கரையில் பீச்சியடிக்கும் வெந்நீர் ஊற்றை அப்பா அம்மாவுக்குக் காட்டப்போகிறேன் என்று கேள்வி கேட்டவர் எழுதியிருக்கிறார். எதிர்பார்ப்பை ஏற்றாதீர்கள். 1983ல் தோண்டியபோது 50 மீட்டர் உயரம் அடித்தது உண்மை. அப்புறம் வேகம் குறைந்து, அழுத்திய காற்றைச் செலுத்திக் கிளப்ப வேண்டியதாயிற்று. நான் 2019ல் பார்த்தபோது பலகையில் நேரம் எழுதியிருந்தது, மணியடித்தாற்போல வந்தது. முட்டை வேகவைத்துச் சாப்பிட்டது பரவாயில்லை. மஞ்சள் கரு 65, 70 டிகிரியில் இறுகும், வெள்ளை முழுதாக இறுக 80 வேண்டும், அதனால் ஊற்று நீரில் கிடந்த முட்டையில் உள்ளே கெட்டி, வெளியே கொழகொழ. அப்பாவுக்குப் பிடிக்கலாம்.

2024 ஜனவரி 14

இந்த இழையில் மற்றவர்களுக்குச் சொல்லிச் சொல்லி நானே போய்விட்டேன். முதல் தடவையாகத் தங்கினேன். நவம்பர் 18ல் எழுதியதைத் தூக்கிக் குப்பையில் போடுங்கள்.

பகல் பயணத்தில் வருகிறவன் பார்ப்பது கடை திறந்திருக்கும் நேரத்துச் சுவா. மாலை ஐந்தரைக்கு மேல் வேறு ஊர். காமிசுவாவில் பல தெருக்களில் சின்னச் சின்னக் குளியல் அறைகள், வெளியே பலகை இல்லை, ஆவி மட்டும் தெரியும். ஒரு கதவைத் தள்ளினேன், பூட்டு. பின்னால் பிளாஸ்டிக் கூடையோடு வந்த அம்மாள் சாவி போட்டுத் திறந்து உள்ளே போய்த் தாழிட்டுக்கொண்டார். அக்கம்பக்கத்தார் சந்தா கட்டி நடத்துபவை அவை, நமக்கு இல்லை. வீடுகளுக்கே குழாயில் வெந்நீர் ஊற்று வருகிறது. கூடையில் சோப்பு, ஷாம்பு, அடியில் பச்சைமிளகாய்ப் பாக்கெட் மாதிரி ஏதோ காய்கறி. கடைக்குப் போய்விட்டு அப்படியே குளித்துவிட்டு வீட்டுக்குப் போகிறார்.

காலை ஆறரைக்கு ஏரிக்கரைக்குப் போனேன். பூஜ்யத்துக்கு ஐந்தாறு டிகிரி கீழே. ஜனவரி ஆரம்பத்திலிருந்து பிப்ரவரி ஆரம்பம்வரை தினமும் விடியலில் யாட்சுருகி கோயில் பூசாரியும் ஊர்ப் பெரியவர்களும் வந்து ஏரி உறைந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். முழுதாக உறைந்தால் ராத்திரிக் குளிரில் பனிக்கட்டி சுருங்கி வெடிக்கும், வெடிப்பில் ஏறிய நீரும் உறையும், பகலில் பனிக்கட்டி விரியும்போது இடமில்லாமல் அந்த விளிம்பு மேடாக மேலே தள்ளும். ஏரியின் குறுக்கே வரப்பு போட்ட மாதிரி. ஒமிவத்தாரி என்று பெயர், அந்த ஆண் தெய்வம் மனைவியைப் பார்க்க ஏரியைக் கடந்து போன தடம். 1443லிருந்து பதிவு வைத்திருக்கிறார்கள், பருவநிலை ஆய்வாளர்கள் அதைப் பயன்படுத்துகிறார்கள். கடைசியாக வந்தது 2018ல்.

நான் போன அன்று கரையோரம் மட்டும் மெல்லிய ஏடு, பால் ஆறினால் படிவது போல. நீரில் வெப்பமானியை விட்டு அளந்தார்கள், ஏட்டைத் தட்டிப் பார்த்தார்கள், தமக்குள் ஏதோ சொல்லிச் சிரித்தார்கள், கலைந்தார்கள். பத்து நிமிடம் இருக்கும். வராது என்று அவர்களுக்குத் தெரியாமலா இருக்கும்? நாளைக்கும் வருவார்கள்.

பிறகு நேராகக் குளியலுக்குப் போனேன். விரல் மரத்துப்போன பிறகு வெந்நீரில் இறங்குவதும் டோக்கியோவிலிருந்து ரயிலில் வந்து இறங்குவதும் ஒன்றல்ல. இதற்குமேல் எழுத வரவில்லை.

அம்மாவுக்கு: ரியோகான், அதாவது ஜப்பானியப் பாணி விடுதி, பதிவு செய்யும்போது காஷிகிரி இருக்கிறதா என்று கேளுங்கள், குடும்பத்துக்கு மட்டும் மணிக்கணக்கில் தனியாகத் தரும் குளியல் அறை. கதவைத் தாழ் போட்டுக்கொண்டு அம்மா தனியாக ஊறலாம். சைவச் சாப்பாடு என்பதையும் அப்போதே சொல்லிவிட வேண்டும். சில இடங்களில் முடியாது என்பார்கள், போன பிறகு சொன்னால் எங்குமே முடியாது. சாப்பாடில்லாமல் அறை மட்டும் எடுத்துக்கொள்வது இன்னும் நிம்மதி.

2024 ஜனவரி 15

அப்பாவை மறந்துவிட்டேன். அவரை ஒகாயாவுக்குக் கூட்டிப் போங்கள், ஷிமோசுவாவுக்கு அடுத்த ஸ்டேஷன். விலாங்கு மீன் ஊர். டோக்கியோவில் முதுகைக் கீறி, ஆவியில் வேகவைத்து, பிறகு சுடுவார்கள், பஞ்சாக இருக்கும். ஒகாயாவில் முதுகைத்தான் கீறுகிறார்கள், ஆனால் ஆவி காட்டாமல் நேரே நெருப்பு. தோல் மொறுமொறு, சாற்றில் இனிப்பு தூக்கல். அந்தக் காலத்தில் கடலிலிருந்து தென்ரியு ஆற்றில் ஏறி ஏரிக்கே விலாங்கு வந்துகொண்டிருந்தது. ஆற்றில் அணைகள் வந்தபின் நின்றுவிட்டது, இப்போது பண்ணை மீன். ஜப்பான் முழுக்கக் கோடையில் விலாங்கு தினம் கொண்டாடினால் ஒகாயாக்காரர்கள் 1998ல் குளிர்காலத்துக்கும் ஒன்றை ஏற்படுத்திக்கொண்டார்கள், அது ஜனவரி கடைசி வாக்கில் வரும். அன்றைக்குப் போகாதீர்கள், வரிசை.

விலை அதிகம். அப்பாவிடம் யென்னை ரூபாயாக மாற்றிச் சொல்லாதீர்கள்.

2024 பிப்ரவரி 5

இந்த ஆண்டும் ஒமிவத்தாரி இல்லை என்று முடிவு சொல்லிவிட்டார்கள். தொடர்ந்து ஆறாவது குளிர்காலம்.

2024 பிப்ரவரி 18

கேட்டவர் போய்விட்டு வந்து எழுதியிருக்கிறார். இரண்டு ராத்திரி தங்கியிருக்கிறார்கள். அப்பா கட்டகுரா மாளிகை வாசல்வரை வந்து, உடுப்பு விஷயம் தெரிந்ததும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாராம். அம்மா காஷிகிரி வேண்டாம், அதற்குத் தனிக் காசு எதற்கு என்று சொல்லிவிட்டுப் பெண்கள் பக்கம் நேரே உள்ளே போய், ஒரு மணி நேரம் கழித்து ஒரு பாட்டியோடு சிரித்துக்கொண்டே வெளியே வந்தாராம். இருவருக்கும் பொதுவாக ஒரு மொழியும் கிடையாது. முட்டியைத் தொட்டுக் காட்டிப் பேசியிருக்கிறார்கள்.

நான் இவ்வளவு நாளாக யோசனை சொன்னதெல்லாம் தவறான ஆளுக்கு.

2024 பிப்ரவரி 19

ஒன்பாஷிரா எப்போது என்று அவருடைய அப்பா கேட்கிறாராம். 16 பெரிய மரங்களை மலையிலிருந்து இழுத்துவந்து நான்கு சன்னிதிகளின் மூலைகளில் நடும் திருவிழா, ஆறு ஆண்டுக்கு ஒருமுறை. 2022ல் தொற்று காரணமாக மலையிலிருந்து இறக்கும் பகுதியை லாரியில் முடித்துவிட்டார்கள். அடுத்தது 2028 வசந்தத்தில். அறை கிடைப்பது கஷ்டம், இப்போதே யோசியுங்கள். அதற்குள் அவர் வேட்டியை அவிழ்க்கத் தயாராகிவிட்டால் தான்கா நோ யுவுக்கும் கூட்டிப் போகலாம், குழாயை மட்டும் தொட வேண்டாம் என்று சொல்லிவையுங்கள்.